கொரியத் தொடர்களின் நாயகிகளும் பார்வையாளர்களின் தீர்ப்பும்

தென்கொரியக் காதல் தொடர் பெரும்பாலும் 16 பகுதிகளில் முடிந்துவிடும். ஒரு பகுதி ஏறத்தாழ ஒரு மணி நேரம். திங்கள்-செவ்வாய், புதன்-வியாழன், சனி-ஞாயிறு என்று வாரத்துக்கு இரண்டு நாள் ஒளிபரப்பாகி, இரண்டு மாதத்தில் கதை நிறைவுபெறும். எழுதுகிறவர் அநேகமாக ஒருவரே. காதல் தொடர்களில் அவர் பெரும்பாலும் பெண்.

நெடுங்காலம் இந்தத் தொடர்கள் ஒளிபரப்பு நடந்துகொண்டிருக்கும்போதே எழுதப்பட்டும் படமாக்கப்பட்டும் வந்தன. அன்றைக்கு நடிக்க வேண்டிய காட்சியின் வசனத் தாள் அன்று காலையில்தான் நடிகர் கைக்கு வரும். ஒளிபரப்பு நிறுவனங்கள் ஒவ்வொரு தொடருக்கும் பார்வையாளர் கருத்துப் பலகை வைத்திருந்தன. மறுநாள் காலையிலேயே எத்தனை சதவீதம் வீடுகளில் தொடர் ஓடியது என்ற கணக்கும் வந்துவிடும். ஆகவே இந்த வாரம் மக்கள் முகம் சுளித்தால் அடுத்த வாரக் கதையில் அதற்குப் பதில் இருக்க வாய்ப்பிருந்தது. 2016இல் வந்த 'டிசென்டன்ட்ஸ் ஆஃப் த சன்' முழுவதையும் முன்கூட்டியே எடுத்துமுடித்து ஒளிபரப்பினார்கள். நெட்ஃபிளிக்ஸ் போன்ற நிறுவனங்கள் முதலீடு செய்யத் தொடங்கிய பின் அந்த முறை பரவியது. ஆனாலும் ஒரு தொடரில் எழுந்த மனக்குறை அதே எழுத்தாளரின் அடுத்த தொடரில் வந்து நிற்பதை இன்றும் காணலாம். கொரிய நாயகியைக் கால் நூற்றாண்டாகத் திருத்தி எழுதியதில் பார்த்தவர்களின் ஆசைக்கும் கோபத்துக்கும் பெரும் பங்குண்டு.

அந்த ஆசையையும் கோபத்தையும் வரிசையாக வைத்துப் பார்த்தால் ஒரு கேள்வி திரும்பத் திரும்ப எழுகிறது. காதல் தொடங்கிய பிறகு நாயகியின் வேலையும் படிப்பும் சொந்த முடிவும் கதையில் மிஞ்சுகின்றனவா? நாயகன் எவ்வளவு அழகன், முத்தக் காட்சி எப்படி என்ற பேச்செல்லாம் ஓய்ந்த பிறகு, ஒரு தொடர் பல ஆண்டுகள் நினைவில் நிற்பதும் மறக்கப்படுவதும் இந்தக் கேள்விக்கு அது தந்த விடையைப் பொறுத்தே இருந்திருக்கிறது.

கொரிய அலை என்று பேசப்படும் காலத்தின் தொடக்கத்தில் நாயகியின் முதல் அடையாளம் கண்ணீர். இயக்குநர் யூன் சொக்-ஹோ எடுத்த 'ஆட்டம் இன் மை ஹார்ட்' 2000இல் கே.பி.எஸ். தொலைக்காட்சியில் வந்தது. சொங் ஹை-க்யோ நடித்த நாயகி ரத்தப் புற்றுநோயால் இறக்கிறாள். அதே இயக்குநரின் 'விண்டர் சொனாட்டா' 2002இல் வந்தது. விபத்து, நினைவிழப்பு, முதல் காதலனின் முகத்தோடு திரும்பி வரும் ஒருவன் என்று கதை ஓடும். சோய் ஜி-வூ நடித்த நாயகி கட்டடக்கலைத் துறையில் வேலை பார்ப்பவள்தான். ஆனால் அவள் கட்டிய எதுவும் பார்த்தவர் மனத்தில் தங்கவில்லை. பனியும் அழுகையும் தங்கின. இத்தொடர் 2003இல் ஜப்பானின் என்.எச்.கே.யில் ஒளிபரப்பானபோது நடுவயதுப் பெண்கள் பெருந்திரளாக அதன்மேல் காதல் கொண்டார்கள். நாயகனாக நடித்த பே யொங்-ஜுன் அங்கே மரியாதையோடு 'யொன்-சாமா' என்று அழைக்கப்பட்டார். அந்தப் பெண்களை ஈர்த்தது நாயகனின் மென்மை. பெண் பேசும்போது குறுக்கிடாமல் கேட்கும் ஆண் அவர்களுக்குப் புதியவனாகத் தெரிந்தான். கொரியக் காதல் தொடர்கள் உலகெங்கும் பெண்களைக் கவர்ந்ததற்கான காரணம் அப்போதே வெளிப்பட்டுவிட்டது: அங்கே ஆண் காத்திருக்கிறான், கேட்கிறான், அழவும் செய்கிறான்.

அதே காலத்தில் எம்.பி.சி. ஒளிபரப்பிய 'டே ஜாங் கும்' வேறு வழியில் போனது. ஜோசன் காலத்து அரண்மனைச் சமையற்கட்டில் சிறுமியாக நுழைந்து, பின்னர் மருத்துவம் கற்று, மன்னனுக்கே மருத்துவம் பார்க்கும் நிலைக்கு உயர்ந்த பெண்ணின் கதை. லீ யொங்-ஏ நடித்தார். 2003-04இல் 54 பகுதிகளாக வந்தபோது கொரியாவில் பாதிக்கு மேற்பட்ட வீடுகளில் அது ஓடிய நாட்கள் உண்டு. ஈரானிலும் அது பெரும் வரவேற்பைப் பெற்றது. இலங்கையில் ரூபவாஹினி சிங்கள ஒலிமாற்றத்தோடு ஒளிபரப்பியது. இதில் காதல் உண்டு. ஆனால் நாயகன் அவள் வேலைக்குப் பக்கத்தில் நிற்கிறான். வேலைக்குக் குறுக்கே நிற்பதில்லை. மொழியும் மதமும் வேறான நாடுகளில் குடும்பம் முழுவதும் உட்கார்ந்து பார்த்த கொரியத் தொடர் இது என்பது கவனிக்கத்தக்கது. நாயகியின் தொழில் திறமை ஒரு கதையை எவ்வளவு தூரம் கொண்டுபோகும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று அக்காலத்தில் இல்லை.

இருந்தும் அடுத்த பத்தாண்டில் பெருகியது வேறொரு நாயகிதான். ஏழை, துடுக்கானவள், எத்தனை அடிபட்டாலும் சிரித்துக்கொண்டு எழுபவள், கடைசியில் பெரும் பணக்காரக் குடும்பத்து வாரிசின் மனத்தை வெல்பவள். 1970களில் வந்த 'கேண்டி கேண்டி' என்ற ஜப்பானியச் சித்திரக்கதையின் அனாதைச் சிறுமியை நினைத்து, கொரியர்கள் இவளைக் 'கேண்டி வகை நாயகி' என்பார்கள். எழுத்தாளர் கிம் உன்-சூக்கின் 'லவ்வர்ஸ் இன் பாரிஸ்' (2004), ஜப்பானியச் சித்திரக்கதையைத் தழுவிய 'பாய்ஸ் ஓவர் ஃபிளவர்ஸ்' (2009), மறுபடியும் கிம் உன்-சூக்கின் 'த ஹெய்ர்ஸ்' (2013) என்று அந்த வரிசை நீளும். 1997இன் நிதி நெருக்கடியில் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் ஒரே நாளில் சம்பளத்தை இழந்த நாடு அது. சேபொல் எனப்படும் பெருந்தொழில் குடும்பங்கள்மேல் மக்களுக்கு ஆத்திரமும் ஏக்கமும் ஒருசேர இருந்தன. அந்த வீட்டு வாசலில் ஒரு சலவைக்கடைக்காரரின் மகள் தலைநிமிர்ந்து நிற்பதைப் பார்ப்பதில் ஓர் ஆறுதல் இருந்தது. அதைக் குறைத்து மதிப்பிடக் கூடாது.

ஆனால் அதன் விலை என்ன என்று கேட்டவர்களும் அப்போதே இருந்தார்கள். 'பாய்ஸ் ஓவர் ஃபிளவர்ஸ்' நாயகி கும் ஜான்-டி நீச்சல் வீராங்கனை. பள்ளியே சேர்ந்து அவளைத் துன்புறுத்தும்படி தூண்டிவிடுகிறவன்தான் நாயகன். அவளைத் தூக்கிப்போய்த் தன் மாளிகையில் வைத்து உடைமாற்றி அலங்கரிக்கவும் செய்கிறான். இடையில் தோள் காயத்தால் அவள் நீச்சலைக் கைவிடுகிறாள். கதை அதற்காக நிற்பதில்லை. அடுத்த காதல் சிக்கலுக்குப் போய்விடுகிறது. நாயகனாக நடித்த லீ மின்-ஹோவைக் கொண்டாடிய அதே பார்வையாளர்கள், தொடக்கத்தில் எதிர்த்து நின்ற ஜான்-டி பிற்பகுதியில் யாராவது வந்து காப்பாற்றக் காத்திருப்பவளாகிவிட்டாள் என்று வருந்தினார்கள். 'த ஹெய்ர்ஸ்' நாயகி சா உன்-சாங் மீது இதே குறை இன்னும் கடுமையாக எழுந்தது: இரண்டு பணக்காரப் பையன்கள் அவளை மாறி மாறி இழுக்க, அவள் அழுதுகொண்டே நிற்கிறாள்.

இவற்றுக்கு நடுவே 2005ஆம் ஆண்டின் கோடையில் எம்.பி.சி.யில் வந்த 'மை லவ்லி சம் சூன்' தனியே நின்று பேச வேண்டிய தொடர். நாயகி கிம் சம்-சூன் கேக் செய்யும் தொழில் கற்றவள். கொரியக் கணக்கில் வயது 30. அன்றைய கொரியாவில் அந்த வயதுப் பெண்ணைக் கல்யாணச் சந்தையில் கழித்துக்கட்டிவிடுவார்கள். உடல் பருமனானவள்; நடிகை கிம் சுன்-ஆ இதற்காகவே எடை கூட்டினார். பட்டிக்காட்டுத்தனமான தன் பெயரைக் கண்டாலே அவளுக்கு ஆகாது. சட்டப்படி மாற்றிக்கொள்ள அலைகிறாள். காதலன் ஏமாற்றியதை கிறிஸ்துமஸ் இரவில் நேரில் பார்த்து உடைந்து அழுவதில் அவள் கதை தொடங்குகிறது. உணவக முதலாளியான நாயகனோடு 5 கோடி வொன்னுக்குப் பொய்க் காதல் ஒப்பந்தம் போடுகிறாள், வீடு கைவிட்டுப் போகாமல் காக்க. வசைபாடுவாள், குடிப்பாள், பசித்தால் நன்றாகச் சாப்பிடுவாள், ஆசையை மறைக்கமாட்டாள்.

கடைசிப் பகுதிகளில் இத்தொடரைப் பார்த்த வீடுகளின் விகிதம் 50 சதவீதத்தைத் தொட்டது. தங்களைப்போல ஒருத்தியைத் திரையில் முதல்முறை பார்த்ததாகப் பெண்கள் சொன்னார்கள். காலமும் அதற்குப் பொருத்தமாக இருந்தது. குடும்பத்தலைவர் ஆணாகத்தான் இருக்க வேண்டும் என்ற ஹோஜு பதிவு முறை அரசியல் சாசனத்துக்கு ஒவ்வாதது என்று அந்நாட்டு அரசியல் சாசன நீதிமன்றம் 2005 பிப்ரவரியில்தான் தீர்ப்பளித்திருந்தது. பெண் தன் பெயரையும் வாழ்க்கையையும் தானே தீர்மானிப்பது பற்றி வீடுகளில் பேச்சு நடந்துகொண்டிருந்த ஆண்டு அது. முடிவிலும் இத்தொடர் துணிச்சல் காட்டியது. நாயகனின் தாய் சம்மதிக்கவில்லை, கல்யாணம் நடக்கவில்லை. சம்-சூன் தன் கேக் கடையை நடத்துகிறாள், காதலிக்கிறாள். அவ்வளவுதான். அன்றைய தொடர்களில் கல்யாணத்தில் முடியாத மகிழ்ச்சி அபூர்வம்.

2024இல் இதே தொடரை எட்டுப் பகுதிகளாகச் சுருக்கிப் புதுப்பித்து வேவ் என்ற கொரிய இணையத் தளம் வெளியிட்டது. அப்போதைய இளம் பார்வையாளர்கள் சம்-சூனை அப்படியே ஏற்றுக்கொண்டார்கள். அவர்களால் ஏற்க முடியாமல் போனது நாயகன். கத்துகிறான், கையைப் பிடித்து இழுக்கிறான், பழைய காதலி திரும்பி வந்தபின் இருவருக்கும் நடுவே நின்று சம்-சூனைக் காயப்படுத்துகிறான். 2005இல் 'முரட்டுக் காதல்' என்று ரசிக்கப்பட்டது 2024இல் தவறான நடத்தை என்று வாசிக்கப்பட்டது. இருபது ஆண்டுகளில் நாயகியைவிட வேகமாகப் பழையதாகிப்போனவன் நாயகன்தான்.

அந்த மாற்றத்துக்கு ஒரு பின்னணி உண்டு. மணிக்கட்டைப் பிடித்து இழுத்துப்போவது, சுவரோடு சாய்த்து மறிப்பது, எதிர்பாராமல் முத்தமிடுவது ஆகிய மூன்றும் நீண்ட காலம் கொரியக் காதல் தொடர்களின் அசைக்க முடியாத காட்சிகளாக இருந்தன. கிம் உன்-சூக் எழுதிய 'சீக்ரெட் கார்டன்' (2010-11) இதன் உச்சம். ஹா ஜி-வொன் நடித்த கில் ரா-இம் சண்டைக் காட்சிகளில் உயிரைப் பணயம் வைக்கும் ஸ்டன்ட் கலைஞர். தொழிலில் அவளை யாரும் அசைக்க முடியாது. ஆனால் பேரங்காடி முதலாளியான நாயகன் அவள் மறுத்தும் முத்தமிடும் காட்சியும், படுக்கையில் அவளைத் திமிற விடாமல் பிடித்துவைக்கும் காட்சியும் காதலாகவே காட்டப்பட்டன. அன்று அவற்றைப் பார்த்துப் பரவசமடைந்தவர்கள் ஏராளம். சண்டை போடத் தெரிந்த பெண்ணின் பலம் அந்த நேரத்தில் மட்டும் எங்கே போயிற்று என்று கேட்டவர்கள் மிகச் சிலர்.

2016 மே மாதம் சோல் நகரின் கங்னாம் ரயில் நிலையத்துக்கு அருகே, முன்பின் அறியாத ஓர் ஆணால் ஒரு பெண் கொல்லப்பட்டார். பெண்கள் ஆயிரக்கணக்கில் திரண்டு நிலைய வாசலில் காகிதக் குறிப்புகள் ஒட்டி அஞ்சலி செலுத்தினார்கள். 2018 ஜனவரியில் அரசு வழக்கறிஞர் சொ ஜி-ஹ்யூன் தொலைக்காட்சி நேர்காணலில் தனக்கு நேர்ந்த பாலியல் தொல்லையை வெளிப்படுத்தினார். மீடூ இயக்கம் நாடெங்கும் பரவியது. அதன்பின் நாயகியின் கையை நாயகன் இழுக்கும் காட்சி வந்தாலே கண்டனம் எழத் தொடங்கியது. எழுத்தாளர்களும் மாறினார்கள். நாயகன் அனுமதி கேட்பதும் நாயகியே முதலில் முத்தமிடுவதும் இன்று வழக்கமாகிவிட்டன. காதலின் சுவை இதனால் குறையும் என்று சிலர் அஞ்சினார்கள், குறையவில்லை.

அந்த 2018 மார்ச்சில் ஜே.டி.பி.சி. ஒளிபரப்பிய 'சம்திங் இன் த ரெய்ன்' இந்த மாற்றத்தை நன்றாகக் காட்டுகிறது. காப்பி நிறுவனத்தில் வேலை பார்க்கும், முப்பதுகளின் நடுவில் இருக்கும் யூன் ஜின்-ஆவும் அவள் தோழியின் தம்பியும் காதலிக்கிறார்கள். இருவருக்கும் இடையே காதல் உறுதியாவது, மதுக்கடையில் மேசைக்கு அடியில் அவள் அவன் கையைப் பற்றும்போது. சன் யே-ஜின் நடித்த அந்தச் சிறு அசைவு பெரும் பாராட்டைப் பெற்றது. அலுவலக விருந்துகளில் மேலாளர்களுக்கு இறைச்சி வாட்டித் தருவதும், பாட்டுக் கூடத்தில் தொல்லையைச் சகித்துக்கொள்வதும் பழகிப்போன ஜின்-ஆ, தன்னை உண்மையாக மதிக்கும் ஒருவன் கிடைத்த பிறகு 'முடியாது' என்று சொல்லக் கற்றுக்கொள்கிறாள். முதல் பாதி அவ்வளவு நேர்த்தி. பிற்பாதியில் தாயின் நெருக்குதலுக்குப் பணிந்து காதலனுக்குத் தெரியாமல் பெண்பார்க்கும் சந்திப்புக்குப் போகிறாள். பொய் சொல்கிறாள், தயங்குகிறாள். பார்வையாளர்கள் கொதித்துப்போனார்கள். வளர்ந்த நாயகியை எழுத்தாளரே பின்னுக்கு இழுத்துவிட்டார் என்பது அவர்கள் குற்றச்சாட்டு. ஆனால் அலுவலகத்தில் துணிந்தவள் தாயின் முன் துணிய முடியாமல் போவது பொய்யான சித்திரமல்ல. அந்தப் பிற்பாதியில் கதை இழுவையானது உண்மை. நாயகி பொய்த்துவிட்டாள் என்பது மிகையான தீர்ப்பு.

தொடர் தரும் எரிச்சலுக்கும் நிம்மதிக்கும் கொரியப் பார்வையாளர்களிடம் தனிச் சொற்களே உண்டு. தண்ணீர் இல்லாமல் சர்க்கரைவள்ளிக் கிழங்கு தின்றதுபோல் நெஞ்சை அடைக்கும் கதையை 'கொகுமா' என்பார்கள். தடைகளைப் பட்டென்று உடைக்கும் காட்சி 'சைடா'. அது அங்கே விற்கும் எலுமிச்சைச் சுவை சோடாவின் பெயர். தன் அசட்டுத்தனத்தால் எல்லாரையும் சிக்கலில் மாட்டிவிடும் நாயகிக்கும் தனிப் பெயர் உண்டு: 'மின்பே' நாயகி. நாயகனுக்கு இப்படி ஒரு பெயர் அதே அளவுக்கு வழங்கவில்லை. பொறாமையில் அவன் மேசையைத் தட்டினால் காதல் மிகுதி. குழப்பத்தில் அவள் இரண்டு நாள் பதில் சொல்லாவிட்டால் எரிச்சல். நாயகிகளை மிகக் கடுமையாகத் தீர்ப்பிடுகிறவர்கள் பெண்களே என்று பலமுறை சுட்டிக்காட்டப்பட்டிருக்கிறது. அவளிடத்தில் தங்களை வைத்துப் பார்ப்பதால் அவள் சறுக்கல் தங்கள் சறுக்கலாக வலிக்கிறது என்பதே அதற்கு நியாயமான விளக்கம்.

நாயகி யாரைத் தேர்ந்தெடுப்பது என்ற சண்டையிலும் இந்தப் பாரபட்சம் தெரியும். இரண்டாம் நாயகன்மேல் பார்வையாளர்களுக்கு வரும் பரிவு கொரியத் தொடர்களோடு கூடவே பிறந்தது. 2015-16இல் டி.வி.என். ஒளிபரப்பிய 'ரிப்ளை 1988' நாயகி டொக்-சுன் யாரைக் கணவனாக ஏற்றாள் என்பதைக் கடைசிவரை புதிராக வைத்திருந்தது. வெளியில் சிடுசிடுத்து உள்ளே உருகும் ஜங்-ஹ்வானா, சதுரங்கம் போன்ற 'படுக்' ஆட்டத்தில் மேதையான தேக்கா என்று நாடே இரண்டு கட்சியாகப் பிரிந்தது. 2020இல் வந்த 'ஸ்டார்ட்-அப்' தொடரிலும் அதே பிரிவு. இந்த ஆரவாரத்தில் ஒன்று காணாமல் போனது. வீட்டின் நடுப்பிள்ளையாகப் பிறந்து, தனக்கென்று பிறந்தநாள் கேக்கூடக் கிடைக்காமல் குமுறிய டொக்-சுன் முதல் பகுதியில் எவ்வளவு உயிரோடு இருந்தாள்! போகப் போக அவள் விமானப் பணிப்பெண் ஆன கதையைவிட அவளைக் காதலிக்கும் இரண்டு பையன்களின் கதையே பெரிதாயிற்று. அவள் யாரை மணப்பாள் என்று கேட்டவர்கள் அவள் என்னவாக விரும்பினாள் என்று கேட்கவில்லை, தொடரும் கேட்கவில்லை.

வயது இடைவெளி இன்னொரு தீராத வழக்கு. பள்ளி மாணவியும் 900 ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்த மாய மனிதனும் காதலிக்கும் 'காப்ளின்' (2016-17) கற்பனைக் கதை என்பதால் பலர் விட்டுவிட்டார்கள்; உறுத்தியவர்களுக்கு உறுத்தியது. 2018இல் வந்த 'மை மிஸ்டர்' தொடருக்கு, ஒளிபரப்பு தொடங்கும் முன்பே எதிர்ப்பு கிளம்பிவிட்டது. நாற்பதைத் தாண்டிய மணமான பொறியாளரும் 21 வயது தற்காலிக ஊழியையும் முதன்மைப் பாத்திரங்கள். நடித்த லீ சுன்-க்யூனுக்கும் ஐயுவுக்கும் இடையே 18 ஆண்டு வித்தியாசம். முதல் பகுதியில் கடன் வசூலிப்பவன் அவளை அடிக்கும் காட்சி கண்டனத்தை இன்னும் மூட்டியது. மீடூ இயக்கம் கொதித்துக்கொண்டிருந்த வேளையில் அந்தச் சந்தேகம் நியாயமானதே. ஆனால் தொடர் போன திசை வேறு. ஜி-ஆன் என்ற அந்தப் பெண்ணுக்கு அவரிடம் கிடைத்தது தன்னைக் குற்றவாளியாகப் பார்க்காத ஒரு மனிதரின் பார்வை. கடைசியில் அவள் வேறொரு நல்ல வேலையில், தோழர்களோடு நடமாடும் ஒரு நாளில் அவரைச் சந்தித்துக் கைகுலுக்குகிறாள். இருவருக்கும் இடையே இருந்தது காதலா இல்லையா என்று இன்னும் வாதாடுகிறார்கள். கைகுலுக்கலோடு நிறுத்திய எழுத்தாளர் பார்க் ஹே-யொங்கின் கட்டுப்பாடுதான் ஐயப்பட்டவர்களில் பலரை மனம் மாறச் செய்தது. அடுத்த ஆண்டு பெக்சாங் விருதில் சிறந்த தொடருக்கான பரிசும் கிடைத்தது.

பணக்காரன், ஏழைப் பெண் என்ற பழைய கணக்கைத் தலைகீழாக்கியவர் எழுத்தாளர் பார்க் ஜி-உன். 'மை லவ் ஃப்ரம் த ஸ்டார்' (2013-14) நாயகி செருக்கும் வெகுளித்தனமும் கலந்த நட்சத்திர நடிகை. 'கிராஷ் லேண்டிங் ஆன் யூ' (2019-20) நாயகி யூன் செ-ரி சொந்தமாகத் தொழில் நிறுவனம் கட்டியவள். பாராகிளைடரில் பறந்தபோது சூறாவளியில் சிக்கி வடகொரிய எல்லைக்குள் விழுகிறாள். அவளைக் காக்கும் ராணுவ அதிகாரி நூடுல்ஸ் செய்து தருகிறான், காப்பிக் கொட்டையை வறுத்து அரைக்கிறான், அவள் கேட்ட வாசனை மெழுகுவர்த்தியைத் தேடிப்போய் வாங்கி வருகிறான். இந்தக் காட்சிகள் துப்பாக்கிச் சண்டைகளைவிட அதிகம் பேசப்பட்டன. கடைசிப் பகுதி 21.7 சதவீதம் பெற்று டி.வி.என். வரலாற்றில் அன்றைய சாதனையானது. அதே எழுத்தாளரின் 'குவீன் ஆஃப் டியர்ஸ்' 2024இல் அதையும் முந்தியது. பேரங்காடிக் குடும்பத்து மகளை மணந்த கிராமத்து வழக்கறிஞன் இதில் நாயகன். மூதாதையர் சடங்குக்கு அந்த வீட்டு மருமகன்கள் வரிசையாக நின்று சமைக்கும் காட்சி, காலங்காலமாக மருமகள்கள் செய்துவந்த வேலையை ஆண்களின் முதுகில் ஏற்றிக் காட்டியது; கொரியப் பெண்கள் அதை ஆரவாரத்தோடு வரவேற்றார்கள். ஆனால் அத்தனை கம்பீரமான நாயகிக்கு மூளைக் கட்டி, அறுவைச் சிகிச்சை, நினைவிழப்பு என்று பிற்பாதி நகர்ந்தபோது, 2002ஆம் ஆண்டின் 'விண்டர் சொனாட்டா' பனிக்காலத்துக்கே திரும்பிவிட்டதாகப் பலர் குறைபட்டார்கள். அந்தக் குறை சரியானது. தலைமை நாற்காலியில் இருந்த பெண்ணை மறுபடி காப்பாற்றப்பட வேண்டியவளாக ஆக்கியது கதையின் பலத்தைக் குறைத்தது.

தலைகீழாக்கினால் மட்டும் போதாது என்பதை 2020இல் வந்த 'இட்ஸ் ஓகே டு நாட் பி ஓகே' உணர்த்தியது. உடைமாற்றும் அறையில் அரையாடையோடு நிற்கும் நாயகனை நாயகி தொட்டு நெருங்கும் காட்சியைப் பாலியல் தொல்லை என்று பார்வையாளர்கள் ஒளிபரப்பு ஒழுங்குமுறை ஆணையத்திடம் முறையிட்டார்கள். ஆண் செய்தால் குற்றம், பெண் செய்தால் துணிச்சலா என்ற அவர்கள் கேள்வி நேர்மையானது.

பணமும் மாளிகையும் இல்லாத நாயகிகளுக்குக் கிடைத்த அன்பு வேறு வகை. இம் சாங்-சூன் எழுதிய 'வென் த கமேலியா புளூம்ஸ்' (2019) சிற்றூரில் மதுக்கடை நடத்தும், திருமணமாகாமல் பிள்ளை வளர்க்கும் டொங்-பெக்கின் கதை. அவளைக் காதலிக்கும் காவலர் யொங்-சிக் செய்யும் முக்கியமான காரியம், அவள் எவ்வளவு உழைப்பாளி, எவ்வளவு நல்லவள் என்று ஓயாமல் அவளிடமே சொல்வது. ஊரை நடுங்கவைத்த கொலைகாரனைக் கடைசியில் பியர்க் கோப்பையால் அடித்து வீழ்த்துவது அவளேதான். அதே எழுத்தாளரின் 'வென் லைஃப் கிவ்ஸ் யூ டேன்ஜரின்ஸ்' 2025 மார்ச்சில் நெட்ஃபிளிக்ஸில் வந்தது. ஜேஜு தீவில் கடலில் மூழ்கிச் சிப்பி எடுக்கும் பெண்ணின் மகள் ஏ-சுன் கவிஞராக ஆசைப்படுகிறாள். ஆண்கள் ஒரு மேசையிலும் பெண்கள் ஒரு மேசையிலும் உண்ணும் வீட்டில், கணவன் குவான்-சிக் ஆண்கள் பக்கம் முதுகைக் காட்டித் திரும்பி மனைவியைப் பார்த்து உட்கார்கிறான். காதல் காட்சிக்கு அதற்கு மேல் ஒன்றும் தேவைப்படவில்லை. அப்படி ஒரு கணவன் உலகத்தில் எங்கே என்று பெருமூச்சு விட்டவர்களும், ஏ-சுன் கவிதைகள் முதுமைவரை காத்திருக்க நேர்ந்ததே என்று மனம் வெதும்பியவர்களும் ஒரே தொடரைத்தான் பார்த்தார்கள். இரண்டும் அதில் இருக்கின்றன.

மருத்துவத் தொடர் என்றால் மருத்துவர்கள் காதலிப்பார்கள், நீதிமன்றத் தொடர் என்றால் வழக்கறிஞர்கள் காதலிப்பார்கள் என்று கொரியர்களே சொல்வதுண்டு. அந்தச் சலிப்பிலிருந்துதான் காதலே இல்லாத தொடர்களுக்கு வரவேற்பு பிறந்தது. 'ஸ்ட்ரேஞ்சர்' (2017) தொடரில் பே டூ-னா நடித்த காவல் அதிகாரியும் அரசு வழக்கறிஞனும் சேர்ந்து வழக்கைத் துப்பறிகிறார்கள், காதல் இல்லை. இல்லாததே நல்லது என்று ரசிகர்கள் காவல் காத்தார்கள். கிம் உன்-சூக்கின் பயணமும் இங்கே குறிப்பிடத்தக்கது. 'மிஸ்டர் சன்ஷைன்' (2018) நாயகி கோ ஏ-ஷின் நாட்டு விடுதலைக்காகத் துப்பாக்கி ஏந்தும் உயர்குடிப் பெண்; அவளுக்குக் காதல் நாட்டுக்குப் பிறகுதான். 'த குளோரி' (2022-23) தொடரில் பள்ளியில் தன்னைச் சித்திரவதை செய்தவர்களைப் பழிவாங்கும் ஆசிரியையாக சொங் ஹை-க்யோ நடித்தபோது, அதிலிருந்த சிறிதளவு காதல்கூட எதற்கு என்று பலர் கேட்டார்கள். 'லவ்வர்ஸ் இன் பாரிஸ்' எழுதிய கையிலிருந்தே இந்த நாயகி வந்தாள்.

2019இல் வந்த 'சர்ச்: டபிள்யூ.டபிள்யூ.டபிள்யூ.' இணையத் தேடல் நிறுவனங்களில் உயர் பதவி வகிக்கும் மூன்று பெண்களின் போட்டியைச் சொன்னது. நாயகி பே தா-மி திருமணம் வேண்டாம் என்கிறாள். அவளைவிட இளையவனான காதலன் வேண்டும் என்கிறான். காதல் தொடரில் இதுவரை வில்லனோ தாயோ ஏற்படுத்திய தடையை இங்கே வாழ்க்கை பற்றிய இரண்டு நேர்மையான நிலைப்பாடுகள் ஏற்படுத்தின. ஒரு பெண் சராசரியாகப் பெறும் குழந்தைகளின் எண்ணிக்கை 2023இல் 0.72 ஆகச் சரிந்த நாட்டில் இது வெறும் கதைச் சிக்கல் அல்ல. காதல் தொடரை விரும்பிப் பார்க்கும் கொரிய இளம்பெண்களில் பலர் கல்யாணத்தை விரும்பவில்லை. திரையில் அவர்கள் தேடுவது கணவனையல்ல, தங்களை மதிக்கும் ஓர் ஆணை.

வெளிநாட்டுப் பார்வையாளர்கள் இதே தொடர்களை வேறு கோணத்தில் பார்க்கிறார்கள். மேற்கு நாடுகளில் சிலருக்கு முதல் முத்தம் எட்டாம் பகுதிவரை தள்ளிப்போவது பொறுமையைச் சோதிக்கிறது. முத்தத்தின்போது கண்களை அகல விரித்து அசையாமல் நிற்கும் நாயகியை அவர்களால் புரிந்துகொள்ள முடிவதில்லை. ஆசிய நாடுகளில் பலர் அந்தத் தாமதத்துக்காகவே பார்க்கிறார்கள். தமிழில் புதுயுகம் தொலைக்காட்சி கொரியத் தொடர்களை ஒலிமாற்றி ஒளிபரப்பியபோது பள்ளி, கல்லூரி மாணவிகளிடையே ஒரு தனி ரசிகக் கூட்டம் உருவானது. வீட்டில் கூச்சமில்லாமல் பார்க்க முடிந்ததும், மாமியார் எதிர்ப்பும் குடும்பத்தின் சம்மதமும் பழகிய சிக்கல்களாக இருந்ததும் அதற்கு உதவின. குடையை அவள் பக்கம் சாய்த்துத் தான் நனையும் நாயகன் ஈர்த்தான். வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு இந்த நாயகன் கொரிய ஆணின் அடையாளமாகத் தெரிகிறான். கொரியப் பெண்களோ நிஜத்தில் கிடைக்காததால்தான் அவனை எழுதுகிறோம், பார்க்கிறோம் என்கிறார்கள்.

முடிவுகளைப் பற்றிய சண்டை இன்னும் ஓயவில்லை. 2022இல் வந்த 'ட்வென்டி-ஃபைவ் ட்வென்டி-ஒன்' அதற்கு அண்மைக்காலத்து எடுத்துக்காட்டு. நிதி நெருக்கடி பள்ளியின் வாள்வீச்சு அணியைக் கலைத்துவிட, வேறு பள்ளிக்குப் போய்ப் பயிற்சியைத் தொடரும் நா ஹீ-டோவும், அதே நெருக்கடியில் குடும்பம் சிதறிய பெக் யி-ஜினும் காதலிக்கிறார்கள். கிம் தே-ரி நடித்த ஹீ-டோ கொண்டாடப்பட்டாள். தோற்றாலும் கலங்காதவள், சாப்பாட்டு மேசையிலும் வாள்வீச்சைப் பேசுபவள். பல ஆண்டுகளுக்குப் பிறகு அவளுடைய நாட்குறிப்பைப் படிக்கும் மகளின் குடும்பப் பெயர் பெக் அல்ல, கிம் என்று தெரிந்த நாளிலிருந்தே பார்வையாளர்கள் கலங்கத் தொடங்கினார்கள். கடைசியில், செய்தியாளனாக நியூயார்க் போன யி-ஜினும் ஹீ-டோவும் பிரிகிறார்கள். இவ்வளவு தூரம் கூட வந்தவர்களை இப்படிக் கைவிடலாமா என்று கோபித்தவர்கள் அதிகம். முதல் காதல் இப்படித்தான் போகும் என்று ஏற்றவர்களும் இருந்தார்கள். அவர்கள் சுட்டிக்காட்டியது இன்னொன்று: காதல் முறிந்த பிறகும் ஹீ-டோ வாளைக் கீழே வைக்கவில்லை, தங்கப் பதக்கங்கள் வென்று, தானே தீர்மானித்த நாளில்தான் ஓய்வுபெற்றாள்.